மாமனாரின் தகரப் பெட்டியில் எட்டுத் தங்க நாணயங்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். போன வருடம் மாமனார் காலமானார். அவர் வைத்திருந்த தகரப் பெட்டியில் எட்டு பிரிட்டிஷ் தங்க நாணயங்கள் இருந்தன. 1887 முதல் 1918 வரையான சவரன்கள் ஆறு, 1826ஆம் ஆண்டுச் சவரன் ஒன்று, 1787ஆம் ஆண்டு கினி ஒன்று. எதிலும் மதிப்பு பொறிக்கப்படவில்லை. சட்டப்படி சவரன் ஒரு பவுண்டுதான், அதனால் கணக்கில் காட்ட வேண்டாம் என்கிறார் மைத்துனர். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு எதையும் எடைக்குப் போடாதீர்கள். மைத்துனர் சொல்வதில் பாதி சரி. சவரனின் முகமதிப்பு இன்றைக்கும் ஒரு பவுண்டுதான். ஆனால் மாமனாரின் சொத்துக் கணக்கில் அவர் இறந்த நாளின் சந்தை விலையைத்தான் காட்ட வேண்டும். எட்டு நாணயத்துக்கு எட்டு பவுண்டு என்று எழுதினால் வாரிசுரிமை வரி விஷயத்தில் வீண் சிக்கல் வரும்.

அப்படியானால் முகமதிப்பு எதற்கு? விற்கும்போது அதுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. 1837 முதல் அடித்த சவரன்கள் பிரிட்டனின் செல்லுபடியாகும் பணம். அதனால் அவற்றை எவ்வளவு லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. உங்கள் ஆறு சவரன்களும் இந்த வகை. 1826ஆம் ஆண்டுச் சவரனும் கினியும் விக்டோரியா ராணிக்கு முந்தையவை, இன்று செல்லாதவை. வரித்துறைக்கு இவை பழைய கடிகாரம் போன்ற அசையும் பொருள்கள். தனித்தனியாக 6,000 பவுண்டுக்குள் விற்றால் இவற்றுக்கும் வரி இல்லை. அதற்கு மேல் போனால், இறந்த நாளின் மதிப்பிலிருந்து ஏறிய லாபத்தைக் கணக்கிட வேண்டும். அந்த மதிப்பை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கினியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1663இல் வந்தபோது அதன் மதிப்பு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. வெள்ளி நாணயங்கள் தேய்ந்து கெட்டுப்போன 1690களில் மக்கள் அதை 30 ஷில்லிங் வரைக்கும் வாங்கினார்கள். 1717இல்தான் 21 ஷில்லிங் என்று நிலைநிறுத்தினார்கள். அந்தக் குழப்பம் தீர, 1816ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சரியாக 20 ஷில்லிங் மதிப்பில் சவரன் 1817இல் வந்தது. உங்களுடையது பின்புறம் மண்வெட்டி வடிவக் கேடயம் உள்ள கினி. எடை சுமார் 8.35 கிராம், அதாவது சவரனைவிடக் கூடுதல் தங்கம். தேயாமல் இருந்தால் சேகரிப்பாளர்கள் தங்க விலைக்கு மேலேயே தருவார்கள்.

சவரனின் எடை 7.988 கிராம், 22 காரட், விட்டம் 22.05 மில்லிமீட்டர். நம் ஊர் நகைக்கடையில் 8 கிராமைச் 'சவரன்' என்பது இந்த நாணயத்திலிருந்து வந்ததுதான். நல்ல தராசில் நிறுத்துப் பாருங்கள், எடை கணிசமாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்றும் ஆகிவிடாது, தங்கத்திலேயே அடித்த போலிகளும் உண்டு.

1918ஆம் ஆண்டு நாணயத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அந்த வருடம் லண்டனில் சவரன் அடிக்கவில்லை. பின்புறத்தில் உள்ள குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே உள்ள தரையில் 'ஐ' (I) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அடித்தது. பம்பாயில் சவரன் அடித்தது அந்த ஒரே வருடம்தான்! எனக்குக் கிடைத்தால் விற்கவே மனம் வராது. 'எஸ்' (S), 'எம்' (M), 'பி' (P) என்றால் முறையே ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்பர்ன், பெர்த்.

புளி, சோடா எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பாக்கிய நாணயத்துக்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்காது. சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்த தடம் இருந்தாலும் அப்படித்தான், அதைத் தங்க விலைக்கே விற்கலாம். பழைய இரண்டையும் நாணய வணிகர் இரண்டு மூன்று பேரிடம் காட்டி, தனித்தனியே விலை கேளுங்கள். மற்ற ஆறுக்கும் அன்றைய தங்க விலையைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்றில் 7.32 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. அதற்குக் கீழே யார் எவ்வளவு குறைத்துக் கேட்கிறார் என்று அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.