பூம் லிஃப்டில், அதாவது நீண்ட இயந்திரக் கையின் நுனியில் ஆளை உயரே தூக்கும் வண்டியில், கூடையைச் சுற்றித் தடுப்புக் கம்பி இருக்கிறதே, அப்புறம் பெல்ட் எதற்கு?

கம்பி, நாம் தவறி விழாமல் தடுக்கும். பூம் லிஃப்டில் அதைவிடப் பெரிய ஆபத்து, தூக்கி எறியப்படுவது. கீழே ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே போதும், நீண்ட கை வழியாக அந்தக் குலுக்கல் மேலே போகும்போது பல மடங்காகிவிடும். கூடை சட்டென்று இறங்கி, உடனே எகிறும். கவண்கல் மாதிரி ஆள் வெளியே போய்விடுவார். அதற்குத்தான் முழு உடல் ஹார்னஸும் (தோள், தொடை எல்லாம் சேர்த்துக் கட்டும் பெல்ட்) அதைக் கூடையோடு இணைக்கும் குட்டையான கயிறும். கொக்கியைக் கூடைக்குள் அதற்கென்றே உள்ள வளையத்தில் மாட்டுங்கள். பக்கத்துத் தூணில் மாட்டிவிட்டு லிஃப்டை நகர்த்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நேராக மேலே ஏறும் சிஸர் லிஃப்டில் காற்றுக்குப் பயப்பட வேண்டும். 2010 அக்டோபரில் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், பலத்த காற்றில் லிஃப்ட் சாய்ந்து இறந்தார். கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டிய மாடல்களும் உண்டு. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள்.

மின்கம்பி இன்னொரு எமன். அமெரிக்க விதிப்படி 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்குக் குறைந்தது 10 அடி தள்ளி நிற்க வேண்டும். ரப்பர் டயர் காப்பாற்றும் என்று சைட்டில் சொல்வதை நம்பாதீர்கள்.

லிஃப்ட் மேலே ஏறும்போது, தலைக்கு மேல் உள்ள உத்தரத்துக்கும் கூடையில் உள்ள கன்ட்ரோல் பேனலுக்கும் நடுவே நெஞ்சு நசுங்கும் விபத்தும் நடக்கிறது. மாட்டிக்கொண்டவரால் பட்டனைத் தொடவே முடியாது. அதனால் அவசரமாக இறக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் கீழே இருக்க வேண்டும்.