வில்லங்கம் சுத்தம் என்றால் வஸ்து சுத்தமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் 8 சென்ட் வஸ்துவும் (நிலமும்) பழைய ஓட்டு வீடும் விலைக்கு வருகிறது. 30 வருட வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில் ஏறியவற்றின் பட்டியல்தான். அங்கே ஏறாதது சான்றில் வராது. உயில் 3ஆம் புத்தகத்தில் பதிவாகிறது, அதனால் வராது. பதியாத ஒற்றி வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் வராது. அப்பா இறந்ததும் சட்டப்படி பிள்ளைகளுக்கு இறங்கிவிட்ட பங்கு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. பட்டாவும் வருவாய்த்துறைக் கணக்குதான், உரிமை மூலம் அல்ல.

முதலில், வில்லங்கத்துக்கு மனு போட்ட சர்வே எண் சரியா என்று பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆதாரங்களில், அதாவது பத்திரங்களில், பழைய சர்வே எண் ஒன்றும் ரீசர்வே (மறு அளவை) எண் ஒன்றும் இருக்கும். இப்போதைய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால், பழைய எண்ணில் பதிவான அடமானமோ பாகப்பிரிவினையோ கண்ணில் படாமல் போகலாம். இரண்டு எண்களுக்கும், உட்பிரிவு எண்ணோடும் உட்பிரிவு இல்லாமலும் தேடுங்கள். 30 வருடம் என்ற கணக்கிலும் நிற்க வேண்டாம். குடும்பத்தில் கடைசியாக நடந்த பாகப்பிரிவினை வரைக்கும் பின்னால் போக வேண்டும். 1956 நவம்பர் 1க்கு முன் இது திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி) என்பதால் அந்தக் கால ஆதாரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து முழுதாகப் படிக்க வையுங்கள். "பழையதுதானே" என்று விடும் அந்த ஆதாரத்தில்தான் பாதை பாத்தியமும் (வழி உரிமையும்) எல்கையும் விவரமாக எழுதியிருக்கும்.

அடுத்தது பெண்மக்களின் பங்கு. எனக்குக் கேட்டால் இந்த மாவட்டத்தில் இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. கொல்லம் 1092ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். ஸ்திரீதனம் (கல்யாணச் சீர்) கொடுத்தாகிவிட்டால் அதுவும் இல்லை. மேரி ராய் வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் போய்விட்டது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஆக, அந்தத் தேதிக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவருடைய சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மகன், மகள் எல்லாருக்கும் சமம். "நகை போட்டுக் கெட்டிக் கொடுத்தாச்சு, இனி அவளுக்கு என்ன பங்கு" என்று அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினை ஆதாரங்கள் இங்கே நிறைய உண்டு. அதில் ஒன்றை நம்பி வாங்கினால் சகோதரியின் பங்கு உங்களுக்கு வந்து சேராது. சகோதரன் பல வருடம் தனியாக அனுபவித்தான் என்பதாலேயே அவள் பங்கு அற்றுப்போகாது. கூட்டுரிமையாளரின் அனுபவம் மற்றவர்களுக்காகவும்தான் என்பது சட்டத்தின் பொதுவான நிலை.

இந்துக் குடும்பத்தில் அப்பாவின் சுயசம்பாத்தியம் உயில் இல்லாமல் இறங்கினால் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவரும் சம பங்காளி. அந்தப் பாட்டியைத்தான் வழக்கமாக மறந்துவிடுவார்கள். கிறிஸ்தவர்களுக்கு மனைவி மக்கள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு இல்லை. பழைய தறவாட்டுச் சொத்து (கூட்டுக் குடும்பச் சொத்து), மருமக்கத்தாய வழி (தாய்வழி வாரிசு முறை) என்று பேச்சு வந்தால் வக்கீலின் எழுத்துபூர்வமான கருத்து கையில் கிடைக்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

இதற்கு வழி எளிது. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள எல்லாரையும் கிரயத்தில் விற்பவர்களாகச் சேருங்கள், பங்கை விட்டுக்கொடுக்கும் தனி விடுதலைப் பத்திரச் செலவும் மிச்சம். ஒருவர் வளைகுடாவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பவர் கொடுத்தவர் கிரயத் தேதியில் உயிரோடு இருக்கிறாரா என்பதை வீடியோ அழைப்பிலாவது உறுதி செய்யுங்கள். அவர் இறந்தால் பவரும் முடிந்தது. மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள்.

வீட்டில் ஆள் குடியிருந்தால், வாடகைக்கா ஒற்றிக்கா என்று அவரிடமே கேளுங்கள். விற்பவர் சொல்வது போதாது. மொத்தமாகப் பணம் கொடுத்து ஒற்றிக்கு இருப்பவரிடம் பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிய, பதியாத காகிதம்தான் இருக்கும். வில்லங்கத்தில் அது வராவிட்டாலும், ஒருவர் குடியிருப்பதே வாங்குபவருக்கு அறிவிப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒற்றித் தொகையை விலையில் கழித்து, கிரயத்தன்று அவர் பெயருக்கே காசோலை கொடுத்து, எழுதி வாங்கி, சாவியையும் வாங்கிவிடுங்கள். "ஒரு மாதத்தில் காலி செய்வார்" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

அளவுக்கு வருவோம். ஆதாரத்தில் சென்ட், பட்டாவில் ஏர்ஸ். 1 ஏர்ஸ் 2.47 சென்ட். உங்கள் 8 சென்டுக்குப் பட்டாவில் 3.24 ஏர்ஸ் வர வேண்டும். 3.05 என்று இருந்தால் ஏழரை சென்ட்தான். அந்த அரை சென்ட் அடுத்தவர் மதிலுக்குள்ளோ பாதைக்குள்ளோ இருக்கும். அட்வான்சுக்கு முன்பே சர்வேயரை வைத்து எல்கைக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். பாதை, கார் போகிற அகலத்தில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. எத்தனை அடி, யாருடைய வஸ்து வழியாக என்று உங்கள் ஆதாரத்தில் எழுதியிருக்க வேண்டும். பக்கத்து வஸ்துக்காரர் மனசு வைத்து விட்ட பாதை, அவர் வஸ்து கைமாறும்போது மூடப்படலாம்.

விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் நீதிமன்ற வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டு குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல், நாகர்கோவில் நீதிமன்றங்களில் தேடிப் பாருங்கள். செலவில்லாத வேலை. நிலம் ஆவணத்தில் நன்செய் என்றிருந்தாலோ கோவில் நிலம் என்றிருந்தாலோ தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தாலோ அனுமதிக் காகிதம் இல்லாமல் மேலே போக வேண்டாம்.

இவ்வளவும் சரியென்றால் விலை ஒப்பந்தம் போடலாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதையும் பதிய வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். அட்வான்ஸ் உட்பட 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே விற்பவருக்கு அபராதம் வரலாம். கிரயத்தில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க வீட்டை மறைத்து வெறும் மனை என்று எழுதச் சொல்லும் தரகர்கள் உண்டு. பிறகு வங்கிக் கடன் கேட்கும்போது வீட்டுக்கு ஆதாரமே இருக்காது, பதிவுத்துறை கண்டுபிடித்தால் குறைவுத் தீர்வையும் கட்ட வேண்டும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% வருமான வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 50 லட்ச வரம்பு கிடையாது, வீதமும் அதிகம். பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் அந்த வரியை உங்களிடம்தான் கேட்பார்கள். அவர் வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கி வரட்டும், அதற்கு நாளாகும் என்பதால் ஒப்பந்தத்தில் கிரயத் தேதியைத் தள்ளி வையுங்கள்.