"கறுப்பா விழுந்திருக்காங்க" என்று சொல்லாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் நாங்கள் ஆறு பேர், மாதம் ஒருமுறை கூடி, எடுத்த உடனே படத்தை அச்சாகத் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி 12 கேமராவில் எடுத்த முகப்படங்களைக் காட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் "சூப்பர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போன மாதம் ஒருவர் குறை சொன்னார், படம் எடுத்தவரின் முகம் வாடிவிட்டது. எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்டுக்கொள்வது?

பதில்: முதல் வேலையாக, "கறுப்பா விழுந்திருக்காங்க" என்ற பேச்சை நிறுத்துங்கள். அது படத்தில் இருப்பவரின் நிறத்தைப் பற்றிய பேச்சு. எடுத்தவருக்கு அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. "முகத்தில் வெளிச்சம் போதவில்லை" என்றால், ஏன் என்று உடனே தேடலாம். வயலில் வானத்தைப் பின்னால் வைத்து நிறுத்தினால், கேமரா அந்த வானத்தின் பளீரைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் குறைத்துப் படம் எடுக்கும். ஆள் இரண்டு மீட்டருக்கு அப்பால் நின்றால் பிளாஷும் எட்டாது. ஆகவே சொல்ல வேண்டியது, "ஒன்றரை மீட்டருக்குள் வாங்க, பின்னால் வானத்துக்குப் பதில் தென்னந்தோப்பு இருக்கட்டும்." அடுத்த பிலிம் தாளிலேயே செய்து பார்க்கக்கூடியதாக இருந்தால்தான் அது விமர்சனம்.

அச்சு வெளியே வந்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். படம் தெளிய 90 விநாடி என்பது ஏறத்தாழக் கணக்குதான்; நிழல் பகுதிகள் நிரம்ப இன்னும் சில நிமிடம் ஆகும். பத்து நிமிடம் கழித்து, டியூப்லைட்டுக்குக் கீழே அல்ல, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை ஓரத்தைப் பிடியுங்கள். நடுவில் விரல் வைத்து அழுத்தாதீர்கள், உதறாதீர்கள்.

அடுத்து, குறை யாருடையது என்று பிரியுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் கோடோ புள்ளியோ இருந்தால், கேமராவிலிருந்து தாளை வெளியே தள்ளும் உருளையில் அழுக்கு. தாள் வெளியே வரும்போது விரல் மறித்தால் படத்தைத் தெளியவைக்கும் மருந்து சமமாகப் பரவாது. நிறம் மாறியிருந்தால், பிலிம் பெட்டி எங்கே கிடந்தது என்று கேளுங்கள். இந்தத் தாளுக்கு 5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் ஏற்றது. மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி அதை எளிதாகத் தாண்டும். இவை பராமரிப்புக் குறைகள், எடுத்தவரின் ரசனைமீது ஏற்றாதீர்கள்.

மிஞ்சியதுதான் உண்மையான விவாதம். உதாரணத்துக்கு, மகாமகக் குளப் படியில் காலை 11 மணிக்கு எடுத்த ஒரு பாட்டியின் படம்: நெற்றி வெளுத்து, கண்குழிகளில் நிழல். எடுத்தவர் முதல் இரண்டு நிமிடம் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கண் முதலில் எங்கே போனது என்று மட்டும் சொல்லட்டும்: "நெற்றிக்கு", "பின்னால் நிற்கும் சைக்கிளுக்கு". பிறகு எடுத்தவர் தன் எண்ணத்தைச் சொல்லட்டும்: "பாட்டியின் பார்வை தெரிய வேண்டும்." இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பேச வேண்டும். தீர்வு பக்கத்திலேயே இருக்கிறது: குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களில் ஒன்றின் நிழலோரம், முகம் வெளிப்பக்கம் பார்க்க உட்காரவைத்து, மடியில் வெள்ளை வேட்டியை விரித்தால் கண்ணுக்கு ஒளி ஏறும். வியர்வையைத் துண்டால் ஒற்றிவிட்டால் நெற்றியில் பிளாஷ் பளபளக்காது. அரை மீட்டருக்குள் போனால் லென்ஸைக் குளோசப் நிலைக்குத் திருப்ப வேண்டும்; மறந்தால் முகம் மங்கி ஒரு பக்கம் ஒதுங்கும்.

கேட்டுக்கொள்பவருக்கும் கடமை உண்டு. நன்றாக வந்த ஒரே ஒரு படத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். அடுத்தடுத்து எடுத்த மூன்று தாள்களை, கெட்டதோடு சேர்த்துக் காட்டுங்கள். எங்கே தடுமாறினீர்கள் என்பது அதில்தான் தெரியும். நேரம், தூரம், இடம் மூன்றையும் தனிச் சீட்டில் எழுதிவையுங்கள். புது அச்சின் முதுகில் பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்கம் வடு விழலாம்.

"வெயில் அப்படி", "பிலிம் சரியில்லை" என்று குறுக்கே பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். இருவர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் அதை நம்புங்கள். ஒருவர் மட்டும் "எனக்கு இந்த நிறம் பிடிக்கலை" என்றால் அது அவர் ருசி, விட்டுவிடலாம். பத்துத் தாள் கொண்ட பெட்டியில் ஒரு தாளை இதற்கென்று ஒதுக்கி, அதே ஆளை, அதே இடத்தில், அதே நேரத்தில், சொன்ன ஒரே ஒரு மாற்றத்தோடு எடுங்கள். அடுத்த கூட்டத்தில் பழைய அச்சையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குறை சொன்னவரே முதலில் பார்த்துப் பேசட்டும்.