மூச்சுக்கும் அழகுக்கும் ஒரே ஆபரேஷன்: மெடிக்கல் எய்ட் பணத்தைத் திருப்பிக் கேட்டால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி, சுருக்கமாக: மூக்குத் தண்டு வளைந்து பல வருடமாக மூச்சுத் திணறல். ஆபரேஷனுக்கு மெடிக்கல் எய்ட் (மாதாமாதம் பணம் கட்டும் மருத்துவக் காப்புத் திட்டம்) ஆத்தரைசேஷன், அதாவது முன் அனுமதி, கொடுத்தது. அதே மயக்கத்திலேயே மூக்கின் வடிவத்தையும் சரிசெய்துவிடலாம் என்று சர்ஜன் சொல்ல, அதற்குத் தனியாக 45,000 ராண்ட் கையிலிருந்து கட்டினார். இப்போது மெடிக்கல் எய்ட் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த 83,000 ராண்டையும் திருப்பிக் கட்டு, கடன் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் மோசடி என்று மெம்பர்ஷிப்பை ரத்து செய்வோம் என்கிறது. மயக்க மருந்து டாக்டரின் பில்லும் தவறானது என்று திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் நீண்ட கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினாறு வருடம் ஒரு மாதமும் தவறாமல் பணம் கட்டியது, ரிசப்ஷனிஸ்ட் இப்போது போனை எடுக்காதது, "இந்த வயசில் உனக்கு எதுக்கு மூக்கழகு" என்று நாத்தனார் கேட்டது, எல்லாம் புரிகிறது. ஆனால் இதில் எதுவும் வழக்கைத் தொடாது. நம் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு விசாரணைக் குழுவின் 2021 இடைக்கால அறிக்கை, கறுப்பின, இந்திய டாக்டர்களை மெடிக்கல் எய்டுகள் பாரபட்சமாக நடத்தின என்று சொன்னதை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது டாக்டர்களுடைய பில்களைப் பற்றிய விசாரணை. உங்கள் மூக்கு ஆபரேஷன் கணக்குக்கு அது உதவாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். வடிவத்துக்காக ஓடிய ஆபரேஷன் தியேட்டர் நேரமும் மெடிக்கல் எய்ட் தலையில் விழப்போகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் (1998-இன் 131-ஆம் சட்டம்) 66-ஆம் பிரிவு குற்றம் என்று சொல்வது, பொய் என்று தெரிந்தே கிளெய்ம் செய்வதை அல்லது செய்ய வைப்பதை. தண்டனை அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தத் "தெரிந்தே" என்ற சொல் இல்லையென்றால் இது வெறும் பில் தகராறு. இருந்தால் 29-ஆம் பிரிவின்படி மெம்பர்ஷிப்பையே எடுக்கலாம்.

அந்த 45,000 ரசீதில் "அழகு சிகிச்சை" என்று எழுதியிருப்பது உங்களுக்கு நல்லது. அதற்குத்தான் தனியாகக் கட்டிவிட்டோமே, எல்லாம் அதில் அடக்கம் என்று நீங்கள் நம்பியதாகச் சொல்ல அதில் இடமிருக்கிறது. கெட்டது நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த வாட்ஸ்அப். "தியேட்டர் செலவெல்லாம் மெடிக்கல் எய்டே பார்த்துக்கும் அக்கா" என்று ரிசப்ஷனிஸ்ட் அனுப்ப, நீங்கள் பதிலுக்குக் கட்டைவிரல் எமோஜி போட்டிருக்கிறீர்கள். அதை அழிக்காதீர்கள். அந்தப் பக்கம் அது அப்படியே இருக்கும். உங்கள் போனில் மட்டும் இல்லையென்றால், கட்டைவிரலைவிட அழித்ததுதான் பெரிய சாட்சியாகிவிடும். அப்படி ஒரு கட்சிக்காரர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

அப்புறம் நிமிடக் கணக்கு. இங்கே தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டருக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். உங்கள் பில்லில் 7.40 முதல் 10.30 வரை 170 நிமிடம், 51,000 ராண்ட், அதாவது நிமிடத்துக்கு 300. சர்ஜன் மெடிக்கல் எய்டுக்கு அனுப்பிய நோய்க் குறியீடு, அதாவது கோட், ஜே 34.2, வளைந்த தண்டு, அது மட்டும்தான். அழகுக்கான இசட் 41.1 எங்கும் இல்லை. வளைந்த தண்டுக்கு மூன்று மணி நேரமா என்று எந்த ஆடிட்டரும் கேட்பார். நீங்கள் அனுப்பிய பில்லின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள், சாமான் பட்டியலில் மூக்கின் மேல் ஒட்டுகிற வெளிப்பட்டை ஒன்று இருக்கிறது. தண்டை மட்டும் நிமிர்த்தினால் மூக்குக்கு உள்ளேதான் ஏதாவது வைப்பார்கள். அந்த ஒரு வரியிலேயே அவர்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

ஆனால் 83,000 முழுவதையும் கேட்பது அதிகம். தண்டுக்காக மட்டும் போயிருந்தாலும் வார்டு, மயக்கம், தியேட்டரில் ஒரு மணி நேரம் எல்லாம் ஆகியிருக்கும், அதற்கு ஆத்தரைசேஷனும் இருக்கிறது. தண்டுக்கு 60 நிமிடம் போதும் என்று சர்ஜன் முதலில் உங்களிடம் சொன்னது சரியென்றால் மிச்சம் 110 நிமிடம், 33,000 ராண்ட். உங்கள் சண்டை 33,000-க்கும் 83,000-க்கும் நடுவில்தான். பைசா கூடத் தர மாட்டேன் என்று நிற்காதீர்கள். உங்கள் திட்டத்தின் விதிப்புத்தகத்தில் விலக்குகள் பகுதியை ஒரு முறை படியுங்கள், அழகு சிகிச்சையோடு சேர்ந்து வரும் செலவும் விலக்கு என்று எழுதியிருந்தால் பேரம் இன்னும் இறுகும். பிஎம்பி (எல்லாத் திட்டமும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்) என்று வாதாடலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம், அது இதற்குப் பொருந்தாது.

அந்த 60 நிமிடத்துக்கு ஆதாரம் மயக்க மருந்து டாக்டரின் சார்ட். அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தப் புள்ளி வைத்திருப்பார், ஓரத்தில் சர்ஜன் எப்போது எதை ஆரம்பித்தார் என்று கிறுக்கியிருப்பார். அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. அவருடைய பில் தவறு என்று திரும்பி வந்தது ஒரு விதத்தில் நல்லதுதான். அதே சட்டத்தின் கீழுள்ள விதிமுறை 6-இன்படி திருத்தி மறுபடி அனுப்ப 60 நாள் இருக்கிறது, அதில் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. அவர் நேரத்தை இரண்டாகப் பிரித்து, ஜே 34.2, இசட் 41.1 என்ற இரண்டு கோட்களையும் போட்டு அனுப்பிவிட்டால், ஆஸ்பத்திரி பில்லையும் அதே அளவில் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற இடம். அந்தக் கடன் ஒப்புகைப் படிவம். கட்சிக்காரர்கள் முதல் பக்கத்தில் தொகையையும் தவணையையும் பார்க்கிறார்கள், மாதம் 2,000 தானே, தொலையட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். மூன்றாம் பக்கத்தில், "சேரவேண்டியதல்ல என்று அறிந்தே பெற்ற தொகை" என்று ஒரு வரி கிடக்கும். அது கடன் இல்லை, குற்ற ஒப்புதல். பணத்தையும் கட்டி முடித்து, அந்த வரியை வைத்தே மெம்பர்ஷிப்பும் போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் மெம்பர்ஷிப்பின் கீழ் 68 வயது அம்மா இருக்கிறார், சர்க்கரை நோயாளி. 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் புதிய திட்டம் எல்லாச் சிகிச்சைக்கும் மூன்று மாதம் வரையும், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு பன்னிரண்டு மாதம் வரையும் காத்திருக்க வைக்கலாம். கோபத்தில் நீங்களாகவே விலகினாலும் அதே கதைதான், அதனால் அதையும் செய்யாதீர்கள்.

மெடிக்கல் எய்டின் விசாரணைப் பிரிவிலிருந்து யாராவது மரியாதையாகக் கூப்பிட்டு, "சும்மா பேசலாம் அம்மா" என்பார்கள். அந்த அழைப்பு பதிவாகும். "எல்லாரும் செய்றதுதானே" என்று ஒரு வாக்கியம் வாயிலிருந்து வந்தால் போதும். எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

வழக்குப் போடட்டும், பார்க்கலாம் என்று மகன் சொல்கிறாரே, அவரிடம் அதே சட்டத்தின் 59(3)-ஆம் பிரிவைக் காட்டுங்கள். இனி உங்களுக்கு வரவேண்டிய பணத்திலேயே பிடித்துக்கொள்ள அது வழி தருகிறது. கோர்ட் படியை அவர்கள் ஏற வேண்டியதே இல்லை. மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம், மெம்பர்ஷிப்பைத் தொட்டால் உடனே கொடுங்கள். ஆனால் அதுவே முதல் அடியாக இருக்க வேண்டாம்.

என் யோசனை சமாதானம்தான். வக்கீல் மூலம், "உரிமைகளுக்குப் பங்கமின்றி" (இது சமாதானப் பேச்சு, பின்னால் எனக்கு எதிராகக் காட்டக் கூடாது என்று பொருள்) என்று தலைப்பிட்டு ஒரு கடிதம்: திருத்திய கணக்கின்படி வடிவத்துக்கான நேரத்தின் தொகையைக் கட்டுகிறேன், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை, இதோடு முடிகிறது, மெம்பர்ஷிப் தொடரும். இந்த நான்கும் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கையெழுத்து வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால், தெரியாது என்று அந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். கணக்கை மட்டும் எழுதுங்கள்.

சர்ஜன் மேல் புகார் வேண்டும் என்கிறீர்கள். கட்டணத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டு, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இன்று அவருடைய திருத்திய கோட் உங்களுக்கு வேண்டும், அது கையில் வரும்வரை பொறுத்திருங்கள். வந்தபிறகு, நீங்கள் கட்டிய தொகையில் அவர் பங்கைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். 20,000 ராண்டுக்குள் என்றால் வக்கீலே இல்லாமல் சிறு உரிமைக் கோர்ட்டில் நீங்களே போய் நிற்கலாம், அந்த வாட்ஸ்அப் அங்கே உங்களுக்காகப் பேசும்.