தேவதைக் கதைகளை இருட்டாக்கிக் காதல் நாவல் எழுதுவது கதையைக் கெடுப்பதா?

ரப்புன்சல், சிண்ட்ரெல்லா போன்ற கதைகளை ரத்தமும் சாபமும் கலந்த யங் அடல்ட் (பதின்ம வயதினருக்கான) காதல் நாவல்களாக மாற்றுகிறார்களே, குழந்தைக் கதையை இப்படிக் கெடுக்கலாமா, 13 வயது மகளுக்கு வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகை நாவல் கையில் கிடைத்தால் விடாமல் படிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இருட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது மூலத்திலேயே உண்டு. 1630களில் இத்தாலியில் வெளியான, பசீலே என்ற எழுத்தாளரின் கதையில் உறங்கும் அழகியை எழுப்புவது முத்தம் இல்லை. ஏற்கெனவே மனைவி உள்ள ஒரு ராஜா உறக்கத்திலேயே அவளைக் கெடுத்துவிட்டுப் போகிறான். அவள் பெற்ற இரட்டைக் குழந்தைகளில் ஒன்று அவள் விரலைச் சப்பும்போது, அதில் குத்தி அவளை உறங்கவைத்த நார் வெளியே வர, கண் விழிக்கிறாள். கடைசியில் அந்த ராஜாவையே மணக்கவும் செய்கிறாள்!

கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில், கோபுரத்தில் அடைக்கப்பட்ட ரப்புன்சல் தன்னை அடைத்து வைத்தவளிடமே, "என் உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது?" என்று வெகுளியாகக் கேட்பாள். இளவரசன் ரகசியமாக வந்துபோவதும் அவள் கர்ப்பமாக இருப்பதும் அப்படித்தான் அம்பலமாகும். குழந்தைகளுக்கு இது ஆகுமா என்று குறை சொன்னார்கள், அந்த வரி அடுத்த பதிப்புகளில் போய்விட்டது. வன்முறை மட்டும் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் கூடியது: சிண்ட்ரெல்லாவின் அக்காக்களின் கண்ணைப் புறாக்கள் கொத்துவது பிற்பாடு சேர்த்த காட்சி.

அதனால் பழைய கதையைத் திருப்பிச் சொல்லும் ஒரு மறுகதையைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது வேறு. அந்தப் பெண்ணிடம் யாராவது சம்மதம் கேட்கிறார்களா?

அழகியும் மிருகமும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பொமோன் சீமாட்டி 1756இல் சுருக்கி எழுதியதுதான் இன்று நமக்குத் தெரிந்த வடிவம். அதில் மிருகம் இரவுச் சாப்பாட்டு வேளைகளில் வந்து, "என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?" என்று கேட்கும். அவள் மாட்டேன் என்பாள். பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போய்விடும். அப்பா பறித்த ஒரு ரோஜாவுக்காக அவள் பணயமாக வந்தவள்தான், அந்த அநியாயம் அங்கேயும் உண்டு. ஆனாலும் கேள்வி என்று ஒன்று இருக்கிறது, மறுப்புக்கு மதிப்பும் இருக்கிறது.

இப்போது வரும் டார்க் காதல் நாவல்களில் பலவும் இந்தக் கேள்வியைத்தான் கழற்றிவிடுகின்றன. மிருகத்துக்கு முதல் அத்தியாயத்திலிருந்தே சினிமா ஹீரோ உடம்பு. அசிங்கம் போய்விட்டது, சிறை மட்டும் மிச்சம். மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பதும், யாரோடு பேசினாய் என்று மிரட்டுவதும் காதலின் ஆழமாம். எனக்கு அது அலுத்துவிட்டது.

நல்ல மறுகதை பழைய கதையின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும். ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையில் வைக்கோலைத் தங்கமாக நூற்காவிட்டால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய ராஜாவையே மில்காரர் மகள் கட்டிக்கொள்வாள், கதை அதைப் பற்றி மூச்சு விடாது. மரிஸ்ஸா மேயர் 2021இல் எழுதிய 'கில்டட்' இங்கேதான் கை வைக்கிறது. அடைத்து வைத்து மிரட்டுகிற அரசன் அதில் பேய் வேட்டைக் கூட்டத்தின் தலைவன், வில்லன். அவளுக்காக ராட்டையில் உட்கார்ந்து நூற்கும் பையனிடம்தான் காதல் போகிறது. நிஜமாகவே இருண்ட கதை, பிணமெல்லாம் வரும். ஆனால் யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

சரி, உங்கள் மகளுக்கு? யங் அடல்ட் என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' 2015இல் யங் அடல்ட் அலமாரிக்குத்தான் வந்தது. படுக்கையறைக் காட்சிகள் நிறைய உள்ள அந்தத் தொடரை 2020இல் புது அட்டை போட்டுப் பெரியவர்கள் பக்கம் மாற்றினார்கள். பழைய அட்டையோடு யாராவது கொடுத்தால் கவனம். 13 வயதுக்கு மேயரின் 'சிண்டர்' (2012) நல்ல தொடக்கம். சிண்ட்ரெல்லா அதில் பாதி இயந்திர உடம்போடு வாழும் மெக்கானிக், செருப்புக்குப் பதில் இயந்திரக் கால். கொள்ளைநோய்ச் சாவுகள் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'கில்டட்' இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுக்கட்டும்.