ஒழுகாத ஹோஸை மாற்ற வேண்டுமா? பழைய கார்க்காரர்களின் கேள்விகள்

கேள்வி (அம்பத்தூர்): 12 வருஷத்து பெட்ரோல் கார். ரேடியேட்டர் மேல் ஹோஸ் விறைத்துவிட்டது, ஆனால் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மாற்றணுமா அண்ணா?

மாற்றிவிடுங்கள் தம்பி. ஒழுகவில்லை என்பதை நம்பி உட்கார முடியாது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கிளிப்பை ஒட்டிய ஓர் அங்குலத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். நறநறவென்றாலோ, நடுப்பகுதியைவிட மெத்தென்று அமுங்கினாலோ அந்த ஹோஸின் காலம் முடிந்தது. கூலண்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) என்ஜின் உலோகமும் சேர்ந்து லேசான மின்வேதி வினை நடக்கிறது. அதனால் ரப்பரின் உள்பக்கம் நீளவாக்கில் விரிசல் விடும். வெளியே ஹோஸ் கருகருவென்று நன்றாகவே தெரியும். அப்புறம் கத்திரி வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போதுதான் வெடிக்கும்.

கேள்வி (மேடவாக்கம்): மேல் ஹோஸ் மட்டும் மாற்றினால் போதுமா சார்?

எல்லாம் ஒரே வயசு. கீழ் ஹோஸ், பைபாஸ், ஹீட்டர் ஹோஸ்கள் அத்தனையும் பாருங்கள். சென்னையில் ஹீட்டர் போடுகிறவர் யார்? அதனால்தான் அந்த இரண்டு ஹோஸையும் மறந்துவிடுகிறோம். பல கார்களில் ஹீட்டரைப் போடாவிட்டாலும் அவற்றில் சுடுகூலண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உதிரிபாகம் வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போகும்போது பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோய் வளைவை ஒப்பிட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளில் கழற்றிய ஹோஸ் மலிவுதான். அதுவும் பழசு என்பதால் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி (பெரம்பூர்): கிளிப்பைத் தளர்த்தியும் ஹோஸ் அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பலாமா?

ஐயோ, வேண்டாம்! இப்போதைய ரேடியேட்டர்களில் ஹோஸ் மாட்டும் அந்த மூக்கு பிளாஸ்டிக். சூட்டில் அதுவும் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். நெம்பினால் ஹோஸ் செலவு ரேடியேட்டர் செலவாகிவிடும். முதலில் ஹோஸைப் பிடித்து இடமும் வலமும் திருகிப் பாருங்கள். வராவிட்டால், எப்படியும் தூக்கிப்போடப்போகிற ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் மேலாகக் கீறி, வாழைப்பழத் தோல் போல உரித்தெடுங்கள். மூக்கில் கீறல் விழக்கூடாது. ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். புது ஹோஸ் ஏற அடம்பிடித்தால் கொஞ்சம் கூலண்டைத் தடவுங்கள். கிரீஸ், ஆயில் ரப்பரை ஊதவைக்கும். மூக்கின் ஓரத்தில் ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டிப் போக வேண்டும், கிளிப்பும் மேட்டைத் தாண்டி ரேடியேட்டர் பக்கம்தான் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே முறுக்கினால் கொஞ்ச நாளில் வழுக்கிவிடும். கம்பெனி ஸ்பிரிங் கிளிப் நன்றாக இருந்தால் அதையே போடுங்கள்; ரப்பர் சூட்டில் விரிந்து சுருங்கும்போது அது தானாகவே இறுக்கம் பிடிக்கும்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): கூலண்டோடு போர் தண்ணீர் கலக்கலாமா?

கூடாது. உப்பு படியும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

கேள்வி (ஆவடி): ஹோஸ் எல்லாம் மாற்றியாச்சு. இப்போது சூட்டு முள் ஏறுகிறது!

உள்ளே காற்று மாட்டியிருக்கும். வண்டியை உடனே நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு மூடியைத் திறந்து கூலண்டை நிரப்பி, ஹீட்டரை உச்சத்தில் வைத்து ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். குமிழி வரவர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்து, குமிழி நின்றதும் மூடியை மூடுங்கள். காற்று வெளியேற்றும் திருகு உள்ள வண்டி என்றால் மேனுவலில் சொன்னபடி செய்யுங்கள். வடித்த பழைய கூலண்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது விஷம். கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.