அப்பாவின் நண்பரான டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 27. எனக்கு ஆண்களிடம்தான் ஈர்ப்பு. ஒன்றரை வருடமாக ஒரு நண்பருடன் உறவில் இருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஆசனவாய் அருகே வலியில்லாத ஒரு புண் வந்து, தானாக ஆறிவிட்டது. இப்போது மலம் கழிக்கும்போது வலி, சளி போலக் கசிவு. சிறுவயதிலிருந்து பார்க்கும் குடும்ப டாக்டர், மூலம் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். அவர் அப்பாவின் நண்பர். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போய்விடுமோ என்று பயம். சொல்லத்தான் வேண்டுமா?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஒரு டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது இந்த டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஏன் சொல்ல வேண்டும்? 27 வயதுக்காரர் மலம் போகும்போது வலி என்றால் டாக்டர்களான எங்களுக்கு முதலில் தோன்றுவது மூலம், ஆசனவாய் வெடிப்பு. நீங்கள் சொன்ன மற்ற விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால் யோசனை வேறு திசையில் போகும். வலியில்லாத புண், சிபிலிஸ் என்ற பால்வினைத் தொற்றாக இருக்கலாம். அந்தப் புண் மருந்தில்லாமலே ஆறும், கிருமி மட்டும் உடம்பில் தங்கிவிடும். அதனால் ஆறிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகும். வலியும் கசிவும் கொனோரியா, கிளமிடியா போன்ற தொற்றாலும் வரும். இவை ஆசனவாயிலோ தொண்டையிலோ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது. அந்தந்த இடத்திலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது என்று தெரிய, டாக்டருக்கு உங்கள் உறவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ரகசியம் காக்கப்படுமா? நோயாளி சொன்னதை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. நீதிமன்றம் கேட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து என்றால், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்றால் மட்டுமே விலக்கு. அப்பா கேட்டார் என்பது அந்த விலக்குகளில் இல்லை. எச்ஐவி விஷயத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறார்: உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கவே கூடாது.

ஆனால் சட்டப் புத்தகத்தை நம்பி மட்டும் வாய் திறங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் பயத்துக்குக் காரணம் எங்கள் பக்கம் இருக்கிறது. தன்பாலின உறவைக் குற்றம், வக்கிரம் என்றே பல காலம் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். 2024இல்கூட அப்படிப்பட்ட பகுதிகள் மருத்துவப் பாடத்திட்டத்தில் திரும்ப வந்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் எடுத்தார்கள். ஆகவே நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய பொறுப்பு டாக்டருக்குத்தான். அதுவரை அவரைச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எப்படிச் சோதிப்பது? தனியாகப் போங்கள். நம் ஊர் கிளினிக்குகளில் அடுத்த நோயாளியும் உள்ளேயே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். "தனியாகப் பேசணும் டாக்டர்" என்று கேளுங்கள். பிறகு, "நான் சொல்வது வீட்டில் யாருக்கும் போகக் கூடாது, சரிதானே?" என்று கேளுங்கள். தயங்காமல் சரி என்கிறாரா, அல்லது "அப்படி என்னப்பா விஷயம், அப்பாவுக்குத் தெரியாமல்?" என்று துருவுகிறாரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். துருவினால், இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதில் தவறே இல்லை.

அப்புறம், ரகசியம் டாக்டர் வாயால் கசிவதைவிட வேறு வழிகளில் கசிவதே அதிகம். லேப் ரிப்போர்ட் எந்த வாட்ஸ்அப் எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். பழைய கார்டில் அப்பாவின் எண் இருக்கலாம். மருந்தைத் தெருமுனைக் கடையில் வாங்காதீர்கள்.

வேறு இடம் வேண்டுமென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சுகவாழ்வு மையம் இருக்கிறது; பால்வினைத் தொற்றுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். 1097 என்ற இலவச எச்ஐவி உதவி எண்ணில் கேட்டால் பக்கத்து மாவட்ட மையத்தையும் சொல்வார்கள். "ஆணுடன் உறவு உண்டு, ஆசனவாயில் வலி, முன்பு ஒரு புண் வந்தது." இவ்வளவு சொன்னால் போதும். யாரை நேசிக்கிறீர்கள், வீட்டில் என்ன நிலைமை என்பதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. கூடவே, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுக்கான பரிசோதனையும் கேளுங்கள். தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

எந்த டாக்டராவது "கல்யாணம் பண்ணினால் மாறிவிடும்", "ஹார்மோன் ஊசி போடலாம்" என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் ஈர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த "மாற்றும் சிகிச்சை"க்குத் தடை சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அப்படிச் செய்கிறவர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

இந்த வாரமே போங்கள். உங்கள் நண்பரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொற்று உறுதியானால், உங்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அவரிடமிருந்து திரும்பத் தொற்றிக்கொள்ளும். இருவருக்கும் சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை உடலுறவைத் தள்ளிப்போடுங்கள்.